மின் வாகனமும் தெருமுனை மெக்கானிக்கும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஆனால், அவை பழுதானால் தெருமுனைப் பட்டறையில் தீர்வு கிடைப்பது அரிது.

மின் வாகனத்தில் கார்புரேட்டர் இல்லை. ஸ்பார்க் பிளக் இல்லை. என்ஜின் ஓசையைக் கேட்டே கோளாறைக் கண்டறியும் அனுபவம் இங்கு உதவாது. ஆபத்தும் வேறு. நேர்மின்னோட்டம் 60 வோல்ட்டைத் தாண்டினால் அபாயம் என்பது சர்வதேச விதி; மின் கார்களின் பேட்டரி பெரும்பாலும் 300 வோல்ட்டைத் தாண்டுகிறது. சாவியை அணைத்தாலும் பேட்டரிக்குள் மின்னழுத்தம் நீடிக்கும். மின்காப்புக் கையுறை அணிந்து, இணைப்பைத் துண்டித்து, சற்றுக் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை அளந்து உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஐடிஐ-க்களில் மின் வாகன மெக்கானிக் பிரிவு வந்துவிட்டது. அது பள்ளி முடித்த இளைஞர்களுக்குப் பொருந்தும். இருபது ஆண்டுகளாகப் பட்டறை நடத்துபவர் கடையைப் பூட்டிவிட்டு வகுப்புக்குச் செல்ல இயலாது. பிரேக், சஸ்பென்ஷன், டயர் பணிகளில் அவரது திறன் இன்றும் செல்லுபடியாகும். அதை அங்கீகரித்து, மின்பகுதியை மட்டும் மாலை நேரத்தில், தமிழில், செய்முறையாகக் கற்பிக்கும் குறுகிய காலப் பயிற்சியே தேவை. பழுதறியும் கருவிகளும் உதிரிபாகங்களும் நிறுவனங்களின் சேவை மையங்களுக்குள் முடங்காமல் வெளியிலும் நியாயமான விலைக்குக் கிடைப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும்.

இல்லையேல், உத்தரவாதக் காலம் முடிந்த வாகனங்களின் பேட்டரிகளைப் பயிற்சி பெறாத கைகளே திறக்கும்.