கணனியிடம் பெயரைத் தேடுதல்

நூலொன்றிலே ஒரு சொல்லைத் தேட விரும்புவோர் முதற்பக்கந் தொட்டு வாசித்துச் செல்வதில்லை. இறுதியிலுள்ள சொல்லடைவைப் பார்த்துப் பக்க எண்ணை அறிந்துகொள்வர். கணனியிலுள்ள தரவுத்தளமும் அவ்வாறே இயங்குகின்றது. பெயர்களை வரிசைப்படுத்திய சுட்டி ஒன்று இருப்பின், பத்து இலட்சம் பதிவுகளுள் வேண்டியதைச் சுமார் இருபது ஒப்பீடுகளிற் கண்டுவிடலாம்.

ஆயினும், வினவல் எழுதுவோர் தம்மையறியாமலே இச்சுட்டியைப் பயனற்றதாக்கி விடுவதுண்டு. எஸ்.கியூ.எல். மொழியிலே, பெயரின் ஒரு பகுதியை வெட்டித் தருவதற்குச் 'சப்ஸ்ட்ரிங்' என்னும் சார்பு உள்ளது. "முதற்குறியை வெட்டியெடு, அது 'க' ஆயின் காட்டு" என்று கேட்டால், பெரும்பாலும் கணனி ஒவ்வொரு பெயரையும் வெட்டிப் பார்த்தே விடை கூறும். சுட்டியில் இருப்பது முழுப்பெயர். வெட்டிய துண்டு அன்று. அதனையே 'லைக்' கொண்டு 'க%' என வினவினால், வரிசையிலே 'க' தொடங்கும் இடத்துக்கு நேரே செல்ல இயலும். '%நாதன்' என ஈற்றைக் கொண்டு தேடினாலோ சுட்டி உதவாது. (நூறு பெயர்கள் மட்டுமுள்ள பட்டியலில் இவ்வேறுபாடு எவருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் உண்மையே.)

தமிழ்ப் பெயர்களில் வேறொரு சிக்கலும் உண்டு. 'தமிழ்' என்பதில் நாம் காண்பன மூன்று எழுத்துகள். யுனிகோட் முறையிலோ அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகும். "முதல் மூன்றைத் தருக" என்றால் கிடைப்பது 'தமி' மாத்திரமே!

'கோமதி' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஏகாரக்குறி, ஆகாரக்குறி என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால், குறிகளை ஒப்பிடும் கணனிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பதிவேட்டில் ஒருவிதமாகவும் தேடுபவர் மற்றொருவிதமாகவும் தட்டச்சுச் செய்திருந்தால், வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் பெயர் "இல்லை" என்று விடை வரும். பெற்றோருக்கு என்ன சமாதானம் கூறுவது?

இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும் 'நார்மலைஸ்' என்னும் சார்பு, 2020 இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13 ஆம் பதிப்பிலே சேர்க்கப்பட்டது. அதனைத் தேடும்போதெல்லாம் எல்லாப் பதிவுகள் மீதும் இயக்கினால் பழைய தாமதமே திரும்பும். பெயரைப் பதியும் வேளையில் ஒருமுறை ஒழுங்காக்கிச் சேமித்துவிட வேண்டும். பின்னர், தேடுபவர் தட்டச்சுச் செய்த அந்த ஒரு சொல்லை மட்டும் ஒழுங்காக்கினாற் போதும். சுட்டியும் தன் வேலையைச் செய்யும்; கோமதியும் அகப்படுவாள்.