அத்தைக்கு எந்த வயதில் வந்தது?

மரபணு ஆலோசகரின் மேசையில் முதலில் விரிவது ஒரு வெள்ளைத் தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று மூன்று தலைமுறைகளை அதில் வரைகிறார். புற்றுநோய் வந்தவரின் குறியைக் கறுப்பாக்குகிறார். இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கோடு இழுக்கிறார். 70 வயதில் பாட்டிக்கு வந்த மார்பகப் புற்றுநோயைவிட, 38 வயதில் அத்தைக்கு வந்ததே அவருக்குப் பெரிய தடயம்.

அந்த அத்தையைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். அம்மா, பெரியம்மா, சித்தி என்று தாய்வழியிலேயே எண்ணி நிறுத்திக்கொள்கிறோம். பழுதானால் மார்பகப் புற்றுநோய்க்கு வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு இருப்பது 17ஆவது குரோமோசோமில். பிஆர்சிஏ2 இருப்பது 13ஆவதில். ஆண், பெண் இருவருக்கும் பொதுவானவை இவை. நோயே இல்லாத அப்பாவிடம் இந்த மரபணுக்களில் ஒன்றில் பழுது இருந்தாலும், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

உடைந்த டிஎன்ஏவைச் செப்பனிடுவது இந்த மரபணுக்களின் வேலை. பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வருவதற்கு 17ஆவது குரோமோசோமில் ஒரு காரணம் இருக்கிறது என்று 1990இல் மரபியலாளர் மேரி-கிளேர் கிங் காட்டினார். அதற்குமுன் அவரை நம்பியவர்கள் குறைவு.

மார்பகப் புற்றுநோய்களில் 100க்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருபவை. ஆனால் பிஆர்சிஏ பழுதுள்ள பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 70 பேருக்கு 80 வயதுக்குள் நோய் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. மீதி 30 பேருக்கு மார்பில் நோய் வருவதில்லை என்பதையும் ஆலோசகர் சொல்லியாக வேண்டும்.

மரபணுப் பரிசோதனையை நோய் வந்தவரிடம் தொடங்குவதே நல்லது. குடும்பத்தில் உள்ள பழுது எதுவென்று தெரியாமல், நலமாக இருக்கும் மகளுக்கு 'இல்லை' என்று முடிவு வந்தால் அதை முழுதாக நம்ப முடியாது. சில சமயம் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்றும் முடிவு வரும். அதை வைத்து யாரும் அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது.

பழுது உறுதியானால் வழிகள் உண்டு. 25 வயதிலிருந்து எம்ஆர்ஐ, 30 வயதிலிருந்து மேமோகிராம் என்று ஆண்டுதோறும் கண்காணிக்கலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளை அகற்றலாம். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013இல் அறிவித்ததுபோல மார்பகங்களையும் அகற்றிக்கொள்ளலாம். எதைத் தேர்வது என்பது அந்தப் பெண்ணின் முடிவு.

பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று பயந்து அத்தையின் நோயை மறைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த பயம் புரிகிறது. ஆனாலும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேளுங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில்? அப்பா வழியிலும் கேட்டு எழுதி வையுங்கள்.