ஜீப்பை உயர்த்தப் போகிறீர்களா? முதலில் டயரை அளந்து பாருங்கள்!

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஊரைச் சுற்றிலும் செந்நிறப் பாறைகள். அங்கே ஜீப் ஓட்டுவது என்றால், பாறை மேல் ஏறிப் பாறை மேல் இறங்குவதுதான்.

ஆண்டுதோறும் ஈஸ்டர் சமயத்தில் இந்த ஊரை நோக்கி ஜீப்புகள் படையெடுத்து வருகின்றன. 1967-ம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது.

அங்கே வரும் வண்டிகளில் பல, தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த உயரத்தில் இருப்பதில்லை. ஆள் குனிந்து அடியில் நுழையலாம் போல, தூக்கி நிறுத்தப்பட்டு இருக்கும்.

இப்படி உயர்த்துவதற்கு வேண்டிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் முதலிய சாமான்களை ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார்கள். இதற்கு "லிப்ட் கிட்" என்று பெயர். சில நூறு டாலர் விலையிலும் கிடைக்கும். பல ஆயிரம் டாலர் விலையிலும் கிடைக்கும்.

பணம் படைத்தவருக்குக் கவலை இல்லை. கையில் அளவான பணம் வைத்திருப்பவர் எதை வாங்குவது? விலை குறைந்த பெட்டியை வாங்கி மாட்டினால் என்ன ஆகும்?

ஏழைக்கு ஏற்ற ஜீப்

இந்தக் கேள்வி அதிகமாக எழுவது, பழைய "செரோக்கி" ஜீப் வைத்திருப்பவர்களிடம்தான்.

1984-ம் ஆண்டு மாடலாக வெளிவந்த இந்த வண்டி, அமெரிக்காவில் 2001-ம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது. 20 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. ஆகவே உதிரிச் சாமான்களுக்குப் பஞ்சம் இல்லை.

முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். இரண்டு பக்கமும் உறுதியான ஒரே நீள அச்சு. வீட்டு முற்றத்தில் வைத்தே கழற்றி மாட்டக்கூடிய அமைப்பு.

வேலை எளிது என்பதால், யோசிக்காமல் இறங்கி விடுகிறவர்களும் உண்டு.

எது உயருகிறது?

லிப்ட் கிட் மாட்டினால் வண்டி முழுவதும் உயர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் பாகம் மட்டுமே உயரும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் அச்சு, இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சின் நடுவே தொங்கும் டிபரன்ஷியல் உருண்டையும் அப்படித்தான். பாறையில் முதலில் இடிப்பது பெரும்பாலும் அந்த உருண்டைதான்!

அச்சை உயர்த்த ஒரே வழி, பெரிய டயர். அதிலும் பாதிதான் பலன். 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போட்டால், அச்சு உயருவது 3 அங்குலம் அல்ல, 1½ அங்குலம்.

பெரிய டயர் போட்டால் அது மட்கார்டில் உரசும். உரசாமல் இடம் கொடுப்பதுதான் லிப்ட் கிட்டின் முதல் வேலை. வயிற்றுப் பாகம் பாறையில் தட்டாமல் போவது கூடுதல் லாபம்.

ஆகவே, "எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?" என்பது இரண்டாவது கேள்வி. "எந்த அளவு டயர் வேண்டும்?" என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கிடைத்தால், உயரம் தானே முடிவாகிவிடும்.

மூன்று வழிகள்

முதல் வழி, மிக மலிவானது. முன் ஸ்பிரிங்கின் மேல் ஒரு வளையத்தை வைப்பார்கள். பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டையைச் செருகுவார்கள். சுமார் 2 அங்குலம் உயரும். மண் சாலைக்கும் சிறு கற்களுக்கும் இது போதும்.

ஆனால் செருகும் பட்டை குட்டையாக இருந்தால், வண்டி கட்டை வண்டி போலத் தூக்கிப் போடும். முழு நீளப் பட்டை நல்லது. பழைய ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்து தொங்கிப் போயிருந்தால், அதற்கு ஒட்டுப் போடுவது வீண் செலவு.

இரண்டாவது வழி, 3 அங்குல உயர்வு. முன்னும் பின்னும் புதிய ஸ்பிரிங். உயரத்துக்கு ஏற்ற நீளமான ஷாக் அப்சார்பர். 30 அங்குல டயர் தாராளமாக நுழையும். மட்கார்டின் ஓரத்தைச் சிறிது வெட்டினால் 31 அங்குல டயரும் நுழையும். அளவான பணம் உள்ளவர் நிற்கவேண்டிய இடம் இதுதான்.

மூன்றாவது வழி, 4½ அங்குலமும் அதற்கு மேலும். இங்கேதான் பர்சு கிழிகிறது!

பெட்டியில் இல்லாத செலவு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். லிப்ட் கிட்டுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

வண்டி உயர்ந்ததும், அச்சைப் பிடித்திருக்கும் கம்பிகள் எல்லாம் சரிந்து நிற்கும். அவற்றில் ஒன்று, முன் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி. அது சரிந்தால், அச்சு டிரைவர் பக்கமாக நகர்ந்துவிடும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வேறு கம்பி போடவேண்டும்.

முன்னும் பின்னும் பிடித்திருக்கும் கம்பிகள் சரிந்தால், அச்சு சற்றுப் பின்னுக்குப் போகும். முன் சக்கரம் நிற்கும் சாய்வும் மாறிவிடும். பிறகு நேரான சாலையிலும் வண்டி நேராகப் போகாது. ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

புரொபெல்லர் ஷாப்டின் கோணமும் மாறும். 3 அங்குலத்திலேயே சில வண்டிகள் அதிரத் தொடங்கும். 4½ அங்குலத்தில் அதிர்வு பெரும்பாலும் வந்தே தீரும். கியர் பெட்டியின் தாங்கியைச் சற்றுத் தாழ்த்தி அதிர்வைக் குறைப்பது மலிவான வைத்தியம். ஆனால் அரும்பாடு பட்டுச் சம்பாதித்த உயரத்தில் ஒரு பகுதி அதில் போய்விடும். சரியான வைத்தியம், பின் முனையைக் குட்டையாக்கி நீளமான ஷாப்ட் போடுவது. அதற்குத் தனிச் செலவு.

பிரேக் குழாயை மறக்கவே கூடாது. சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கும்போது, பழைய ரப்பர் குழாய் நீளம் போதாமல் இழுபடும். அது அறுந்தால் பிரேக் கிடையாது. மற்றச் செலவை எல்லாம் தள்ளிப் போடலாம். இதைத் தள்ளிப் போடக் கூடாது.

பெரிய டயரால் இன்னொரு வினையும் உண்டு. 28 அங்குலத்துக்குப் பதில் 31 அங்குல டயர் போட்ட வண்டியில், ஸ்பீடாமீட்டர் 60 மைல் காட்டும்போது உண்மையான வேகம் சுமார் 66 மைல். இழுவை சக்தியும் பத்தில் ஒரு பங்கு குறையும்.

உயரத்துக்குக் கொடுக்கும் விலை

பணச் செலவு ஒரு புறம் இருக்கட்டும். உயிர்க் கணக்கு வேறு இருக்கிறது.

ஒரு வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 58 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் எடை மையம் தரையில் இருந்து 27 அங்குல உயரத்தில் இருக்கட்டும். 58-ல் பாதி 29. அதை 27-ஆல் வகுத்தால் 1.07. வண்டி எளிதில் கவிழுமா, கவிழாதா என்பதை மதிப்பிட இந்த எண் உதவுகிறது. எண் குறையக் குறைய ஆபத்து கூடும்.

உயர்த்திய பிறகு எடை மையம் 4 அங்குலம் மேலே போனால், 29-ஐ 31-ஆல் வகுக்கவேண்டும். விடை 0.94. முன்பு 47 டிகிரி சாய்ந்தால் கவிழ்ந்திருக்கும் வண்டி, இப்போது 43 டிகிரியிலேயே கவிழும்.

இது காகிதக் கணக்கு. ஓடும் வண்டி ஸ்பிரிங்கின் மேல் ஆடிச் சாய்வதால், உண்மையில் இதைவிட முன்னதாகவே கவிழ்ந்துவிடும். மலைச் சரிவில் மட்டும் அல்ல, நெடுஞ்சாலையில் ஒரு நாய் குறுக்கே ஓடி, ஸ்டீரிங்கை வெடுக்கென்று திருப்பினாலும் இதே கதிதான்.

முதல் டாலரை எதில் போடுவது?

பழைய வண்டியில் முதல் செலவு லிப்ட் கிட்டுக்கு அல்ல. ஸ்டீரிங் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றனவா, ரப்பர் புஷ்கள் நைந்திருக்கின்றனவா, அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தேய்ந்த மூட்டோடு உயர்த்திய வண்டி, ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன் சக்கரங்கள் இரண்டும் கிடுகிடு என்று ஆட ஆரம்பித்துவிடும். வண்டியை நிறுத்தும் வரை அந்த ஆட்டம் நிற்காது.

செரோக்கியின் பின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் முன்பக்க போல்டுக்கு உரிய நட், அடிச்சட்டத்தின் உள்ளே பற்றவைக்கப்பட்டது. துருப்பிடித்திருந்தால், ஸ்பானரைப் போட்டதும் போல்டு முறிந்துவிடும். பிறகு சட்டத்தை வெட்ட வேண்டியதுதான். ஆகவே, வேலைக்குச் சில நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வரவேண்டும்.

ஒருமுறை கழற்றிய யு-போல்டை மறுபடி மாட்டக் கூடாது. முன் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்தவும் கூடாது. பின் அச்சில் ஒரு கட்டை வைப்பது உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது தற்கொலைக்குச் சமம்.

வேலை முடிந்ததும் சக்கர அலைன்மென்ட் பார்க்கவேண்டும். முன்விளக்கையும் தாழ்த்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரே வருகிறவரின் கண்ணில் விளக்கு அடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் எவ்வளவு உயர்த்தலாம் என்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. படத்தில் பார்த்த ஆசையில் இங்கே பட்டறைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

காசு இல்லாத கிட்

கடைசியாக ஒன்று. காசே செலவு இல்லாமல் பாறையில் ஏற ஒரு வழி இருக்கிறது.

தார்ச் சாலையை விட்டு இறங்கியதும், டயரில் உள்ள காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். 30 பவுண்டு இருந்தால் 18 அல்லது 20 பவுண்டுக்குக் கொண்டுவரலாம். டயர் பரந்து, பாறையைக் கவ்விக்கொள்ளும். ஆனால் வேகம் கூடாது. சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்றடித்துவிட வேண்டும்.

கல்லை இரு சக்கரங்களுக்கு நடுவே விட்டு ஓட்டினால், அது டிபரன்ஷியலைப் பதம் பார்க்கும். ஒரு சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றி ஓட்டினால் அச்சும் சேர்ந்து உயரும். இதற்கும் செலவு இல்லை.

செரோக்கி வைத்திருப்பவர்களில் பலருக்கு அது ஒன்றுதான் வண்டி. ஞாயிற்றுக்கிழமை பாறை ஏறிய அதே வண்டியில்தான் திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடவேண்டும். கிட் வாங்கும்போது அந்தத் திங்கட்கிழமையை நினைத்துக்கொள்கிறவர் 3 அங்குலத்தோடு நின்றுகொள்வார்.