ஜானி கேஷ்: மலிவாகப் பதிந்ததும் அதிகம் விற்றதும்

1956இல் அமெரிக்கக் கடைகளில் ஒரு சிங்கிள் இசைத்தட்டு 89 சென்ட். பக்கத்துக்கு ஒரு பாட்டு. அந்த ஆண்டு மெம்பிஸ் நகரின் சன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘ஐ வாக் தி லைன்’ தட்டின் இரு பக்கப் பாட்டுகளையும் எழுதியவர், பாடியவர் இரண்டுமே ஜானி கேஷ்தான். அவர் கைக்கு என்ன வந்திருக்கும்? சன் கொடுத்த ராயல்டி 3 சதவீதம். அதைக் கடை விலையில் கணக்கிட்டால் 2.67 சென்ட். பாட்டு எழுதியதற்குத் தனிக் கணக்கு: 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டுக்கு 2 சென்ட். இரண்டு பாட்டுக்கு 4 சென்ட். அதில் வழக்கப்படி பாதி பதிப்புரிமைக் கம்பெனிக்கு. மீதி 2 சென்ட். ஆக மொத்தம் ஒரு தட்டுக்கு 4.67 சென்ட்.

அந்தத் தட்டு 20 லட்சத்துக்கும் மேல் விற்றது என்பார்கள். 20 லட்சம் என்றே வைத்துக்கொண்டால், கழிவுகள் போகாமல் சுமார் 93,000 டாலர். கடைகளில் புரண்ட பணமோ 17 லட்சத்து 80 ஆயிரம் டாலர். பாட்டுக்கு 2 சென்ட் என்ற அந்த விகிதம் 1978 வரை அசையவேயில்லை. ரொட்டி விலை ஏறியது, வாடகை ஏறியது, இசைத்தட்டின் விலையும் ஏறியது. எழுதியவனின் கூலி மட்டும் 69 ஆண்டு அப்படியே கிடந்தது.

வரவை விடுங்கள், செலவைப் பார்த்தால்தான் ஆச்சரியம். அந்தப் பாட்டில் டிரம் கிடையாது. லூதர் பெர்க்கின்ஸ் மின் கிட்டார், மார்ஷல் கிராண்ட் பேஸ், கேஷின் சாதாரண கிட்டார், அவ்வளவுதான். டிரம் சத்தத்துக்காகத் தன் கிட்டார் தந்திகளுக்கு இடையே ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டு தட்டினார் கேஷ். நாட்டுப்புறப் பாடல்களுக்கான கன்ட்ரி பட்டியலில் அது 6 வாரம் முதலிடம்; எல்லா வகையும் கலந்த பாப் பட்டியலில் 17ஆம் இடம். ஒரு தாள் காகிதத்துக்கு இதைவிட நல்ல வரும்படி கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கேஷின் ஒலிப்பதிவுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்தச் சங்கதி திரும்பத் திரும்ப வருகிறது. எப்போதெல்லாம் ஸ்டுடியோவின் சாமான்கள் குறைந்தனவோ, அப்போதெல்லாம் விற்பனை ஏறியிருக்கிறது. நடுவே இருக்கும் பெருங்குவியல் ஒப்பந்தத்துக்காகப் பாடியது.

1958இல் சன்னை விட்டு கொலம்பியா கம்பெனிக்குப் போனார். அங்கே ராயல்டி 5 சதவீதம். இன்னொரு காரணமும் உண்டு. தேவாலயப் பாட்டுகளை ஒரு எல்.பி.யாகப் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. சன் முதலாளி சாம் ஃபிலிப்ஸ் அது விற்காது என்று மறுத்துவிட்டார். கொலம்பியா 1959இல் அதை வெளியிட்டது. ஆனால் போனவரை ஃபிலிப்ஸ் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. கேஷ் சன்னில் இருந்தபோது வந்த எல்.பி. ஒன்றே ஒன்றுதான், 1957இல், 12 பாட்டுகளோடு. சன்னின் முதல் எல்.பி.யும் அதுவே. அவர் வெளியேறிய பிறகு, கையிருப்பில் இருந்த நாடாக்களை வைத்து 1964 வரை இன்னும் 6 எல்.பி. போட்டார்கள். 1969இல் சன் கம்பெனியை ஷெல்பி சிங்கிள்டன் வாங்கினார். கேஷின் புகழ் உச்சத்தில் இருந்த அதே ஆண்டில் பழைய நாடாக்கள் மறுபடி புதிய உறையில் கடைக்கு வந்தன. சுமார் மூன்று ஆண்டுப் பதிவு, பத்துப் பதினைந்து ஆண்டு விற்பனை.

கொலம்பியாவில் 28 ஆண்டுகள். 2012இல் அந்தக் காலத்து ஆல்பங்களை ஒரே பெட்டியில் போட்டபோது 63 சி.டி. ஆயிற்று. சராசரியாக ஆண்டுக்கு இரண்டுக்கும் மேல். இந்த வேகத்துக்கும் அவர் உடல்நிலைக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு 1965, 1966 இரண்டு ஆண்டுகள் போதும். 1965 ஜூனில் அவர் வண்டியிலிருந்து பற்றிய தீ கலிஃபோர்னியாவின் லாஸ் பாட்ரஸ் காட்டில் 508 ஏக்கரை எரித்தது. அரசு வழக்குப் போட்டு, கடைசியில் 82,001 டாலர் வசூலித்தது. அக்டோபரில் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் கைதானபோது அவரிடம் இருந்தவை டெக்ஸெட்ரின் என்ற ஊக்க மாத்திரை 688, ஈக்வனில் என்ற அமைதி மாத்திரை 475: மொத்தம் 1,163. அந்த இரண்டு ஆண்டில் கடைக்கு வந்த கேஷ் ஆல்பங்கள் 5. அதில் ஒன்று இரட்டை எல்.பி. இன்னொன்று அந்த இரட்டை எல்.பி.யிலிருந்தே பொறுக்கி எடுத்து ஒற்றைத் தட்டாக்கி விற்றது. பாடகர் விழுந்து கிடக்கலாம், பட்டியல் விழக்கூடாது என்பது கம்பெனியின் கணக்கு.

1,500 பாட்டுக்கு மேல் பதிந்தார், 1,000 பாட்டுக்கு மேல் எழுதினார், 9 கோடித் தட்டு விற்றது என்று அவரைப் பற்றிய கட்டுரைகள் எல்லாம் ஒப்பிக்கும். முதல் எண்ணை நம்பலாம். ஒரே பாட்டை நான்கு தடவை பதிந்ததையும் சேர்த்துக்கொண்டால். மூன்றாவது எண்ணிடம் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் கடைக் கவுன்டரில் விற்ற தட்டை இயந்திரம் எண்ணத் தொடங்கியது 1991இல்தான். அதற்கு முன் பட்டியல்கள் கடைக்காரர்கள் சொன்னதை வைத்துப் போடப்பட்டவை. அந்தக் காலத்துத் தங்கத்தட்டு, பிளாட்டினம் சான்றுகளோ கம்பெனி அனுப்பிய சரக்கின் கணக்கு. அதுவும் கம்பெனி விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். 1969இல் அவர் பீட்டில்ஸைவிட அதிகம் விற்றார் என்ற பேச்சையும் இந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

சான்று உள்ள எண்களுக்கு வருவோம். 1968 ஜனவரி 13, கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறை. கைதிகளுக்கு முன்னால், சிறையின் சாப்பாட்டுக் கூடத்தில், ஒரே நாளில் இரண்டு கச்சேரி: காலையில் ஒன்று, மதியம் ஒன்று. தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன். பெரும்பாலும் முதல் கச்சேரியிலிருந்தே 16 பாட்டுகளை எடுத்து மே மாதம் எல்.பி.யாக விட்டார்கள். கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் 13. அடுத்த ஆண்டு பிப்ரவரி 24, சான் குவென்டின் சிறை. அதிலிருந்து 10 பாட்டு. அந்தத் தட்டு பொதுப் பட்டியலிலேயே 4 வாரம் முதலிடம். அதில் இருந்த ‘எ பாய் நேம்ட் சூ’ ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதியது. கேஷுக்கு இன்னும் மனப்பாடம் ஆகாததால் மேடையில் தாளைப் பார்த்துப் படித்தார். அதுவே பாப் பட்டியலில் 3 வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ரோலிங் ஸ்டோன்ஸ்.

இரண்டு சிறைத் தட்டுகளும் 2003இல் ஆளுக்கு 3 பிளாட்டினம், அதாவது தலா 30 லட்சம் பிரதி என்று சான்று பெற்றன. இரண்டு நாள் வேலைக்கு 60 லட்சம் பிரதி. 28 ஆண்டு ஸ்டுடியோ வாடகைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அந்த நாள்களைக் கம்பெனி விற்ற விதமும் கணக்கேட்டில் ஏற வேண்டியதுதான். சான் குவென்டின் 1969இல் 10 பாட்டு. 2000ஆம் ஆண்டு மறுபதிப்பில் 18. 2006 பதிப்பில் 31. ஒரே கச்சேரியை மூன்று தடவை பந்தி போட்டிருக்கிறார்கள்.

சிறைப் புகழுக்கு வித்திட்ட ‘ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்’ பாட்டுக்குச் செலவுக் கணக்கும் உண்டு. அது 1955இல் சன்னில் வந்தபோது கன்ட்ரி பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. ஆனால் அதன் மெட்டும் பல வரிகளும் கோர்டன் ஜென்கின்ஸ் 1953இல் வெளியிட்ட ‘கிரசன்ட் சிட்டி ப்ளூஸ்’ பாட்டிலிருந்து வந்தவை. சிறைத் தட்டு விற்றுத் தீர்ந்த பிறகு 1970களின் தொடக்கத்தில் ஜென்கின்ஸுக்குச் சுமார் 75,000 டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்தார் கேஷ். பாட்டுக்கு 2 சென்ட் காலத்தில் 75,000 டாலர் என்றால், 37 லட்சத்து 50 ஆயிரம் பிரதிக்கான முழுக்கூலி.

பிறகு 58 பாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, நிறையப் பயணம், நிறையத் தட்டு. 1976இல் ‘ஒன் பீஸ் அட் எ டைம்’ தனிப் பாடகராக அவருக்குக் கிடைத்த கடைசி கன்ட்ரி முதலிடம். அடுத்த பத்து ஆண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வயலின் கூட்டங்களும் கோரஸ் குரல்களும் ஏறிக்கொண்டே போயின, விற்பனை இறங்கிக்கொண்டே போனது. 1986இல் கொலம்பியா அவரைக் கழற்றிவிட்டது. அதே 1986 நவம்பரில், தங்கத்தட்டாக மட்டும் இருந்த இரண்டு சிறைத் தட்டுகளுக்கும் பிளாட்டினம், இரட்டைப் பிளாட்டினம் சான்றுகள் ஒரே நாளில் வந்தன. ஆளை அனுப்பிவிட்டார்கள், நாடாவை வைத்துக்கொண்டார்கள்.

இந்த நாடா விஷயம் முக்கியம். ஒலிப்பதிவின் உரிமை கம்பெனிக்குத்தான், பாடியவருக்கு இல்லை. அதனால்தான் அடுத்துச் சேர்ந்த மெர்க்குரி கம்பெனிக்காக 1988இல் தன் பழைய பாட்டுகளையே 20 எண்ணிக்கையில் மறுபடி பாடிப் பதிய வேண்டியிருந்தது. 56 வயதுக் குரலில் 24 வயதின் பாட்டு. பாட்டுகள் கெட்டுப்போகவில்லை, ஆனால் கேட்டவர்கள் பழையதையே வாங்கினார்கள்.

1993இல் கையில் ஒப்பந்தம் இல்லாமல் இருந்தவரை ராப், ஹெவி மெட்டல் தட்டுகள் தயாரித்துக்கொண்டிருந்த ரிக் ரூபின் சந்தித்தார். செலவு மறுபடி சன் காலத்து அளவுக்கு இறங்கியது. ரூபினின் வீட்டு வரவேற்பறை, கேஷின் மரக்குடில், ஒரு கிட்டார், ஒரு குரல். இரண்டு பாட்டு மட்டும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிளப் மேடையில் பதிந்தவை. 1994இல் வந்த அந்த ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ 13 பாட்டுகள். பொதுப் பட்டியலில் 110ஆம் இடம்தான். கிராமி விருது வாங்கியது. இரண்டாவது ஆல்பம் 170ஆம் இடம், அதற்கும் கிராமி. கன்ட்ரி வானொலிகள் அதைச் சீண்டவில்லை. விருது வந்ததும் ரூபின் பில்போர்டு இதழில் 20,000 டாலர் செலவில் முழுப்பக்க விளம்பரம் போட்டார்: சான் குவென்டினில் கேஷ் நடுவிரலைக் காட்டும் பழைய படம், கீழே நாஷ்வில் இசைத்துறைக்கும் வானொலிகளுக்கும் நன்றி. ஒலிப்பதிவில் மிச்சம் பிடித்ததை இப்படிச் செலவழித்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மூன்றாவது ஆல்பம் 88ஆம் இடம். நான்காவது, 2002இல் வந்தது, 22. நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் எழுதிய ‘ஹர்ட்’ அதில்தான் இருக்கிறது. அதுவரை ரூபினுடன் செய்த ஆல்பங்களில் அதுவே மிக உயர்ந்த இடம். 2003 மே மாதம் கேஷின் மனைவி ஜூன் கார்ட்டர் இறந்தார், செப்டம்பர் 12இல் கேஷ். ஐந்தாவது ஆல்பம் 2006 ஜூலையில் வந்து நேராக முதலிடத்தில் ஏறியது: 37 ஆண்டுக்குப் பிறகு. முதல் வார விற்பனை வெறும் 88,000 பிரதி என்பதையும் கூடவே எழுதிவைக்க வேண்டும். தட்டு வியாபாரமே தேய்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆறாவது 2010இல் மூன்றாம் இடம்.

ரூபினுடன் பதிந்தவற்றில் உயிரோடு இருக்கையில் வெளிவந்தவை 13, 14, 14, 15: மொத்தம் 56. ஐந்தாவதும் ஆறாவதும் 22. இறந்த மூன்று மாதத்துக்குள் வந்த 5 சி.டி. பெட்டியில் அதுவரை வெளிவராத பதிவுகள் 64. ஆக, இறந்த பின் 86.

கடைசிப் பதிவேடு 2024இல் வந்த ‘சாங்ரைட்டர்’. ரூபினைச் சேர்வதற்கு முன், 1993இல் நாஷ்வில் ஸ்டுடியோ ஒன்றில் பதிந்து 31 ஆண்டு அலமாரியில் கிடந்த மாதிரிப் பதிவுகள். 11 பாட்டும் அவரே எழுதியவை. மகன் ஜான் கார்ட்டர் கேஷ் தந்தையின் குரலையும் கிட்டாரையும் மட்டும் வைத்துக்கொண்டு பழைய வாத்தியங்களை நீக்கினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். புதிதாக ஆள் வைத்து வாசித்து அந்த இடத்தை மறுபடி நிரப்பிவிட்டார்கள்.