இருட்டு எத்தனை மணிக்கு வரும்?

மேற்கே மீஞ்சூர்ப் பக்கம் சூரியன் இறங்கியதும், சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக் கடற்கரையில் நிற்பவர் கிழக்கே திரும்பிப் பார்க்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால், கடலுக்கு மேலே சாம்பல் கலந்த நீலப்பட்டை ஒன்று எழும்பும். அதன் விளிம்பில் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். அந்தப் பட்டை பூமியின் நிழல். இந்தக் கரைக்கு இருட்டு கடலிலிருந்துதான் ஏறி வருகிறது.

அது படிப்படியாகவே வரும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை விளக்கில்லாமலே வலையைச் சீர்செய்யலாம். 12 பாகையில் கடலையும் வானையும் பிரிக்கும் கோடு மறையும். 18 பாகை தாண்டினால்தான் முழு இருட்டு. மிக மங்கலான விண்மீன்களும் அப்போதுதான் தெரியும். காட்டுப்பள்ளி நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கில்தான் இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால், ஒன்றேகால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். லண்டனில் ஜூன் மாதம் விடிய விடியக் காத்திருந்தாலும் சூரியன் 18 பாகையை எட்டாது.

ஆனால் காட்டுப்பள்ளியில் கடைசிப் படி கணக்கில் மட்டும்தான் இருக்கிறது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம், பக்கத்தில் வடசென்னை அனல்மின் நிலையம். சரக்கு இரவிலும் இறங்குவதால் உயர்கம்ப விளக்குகள் அணைவதில்லை. அவற்றிலிருந்து பக்கவாட்டிலும் மேலேயும் போகும் ஒளி, ஈரக்காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி வானத்தையே வெளுக்க வைக்கிறது. மேகம் இருந்தால் வெளிச்சம் இன்னும் கூடும்.

விண்மீன் பார்ப்பவர்களுக்கு மட்டுமல்ல இந்த நட்டம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கடற்கரையோரம் முட்டையிடுகின்றன. ஒன்றரை, இரண்டு மாதத்தில் வெளிவரும் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில், வெளிச்சமான திசை நோக்கி நகரும். இயற்கையான இரவில் கரையைவிடக் கடல்பக்கமே வெளிச்சம். விளக்கு எரியும் கரையில் குஞ்சு ஊர்ப்பக்கம் ஊர்ந்து, காய்ந்து சாகிறது. அல்லது நாய்க்கும் காக்கைக்கும் இரையாகிறது.

வேலை நடக்கும் இடத்தில் வெளிச்சம் வேண்டும்தான். விளக்குக்கு மூடி போட்டுத் தரையை மட்டும் பார்க்கச் செய்தால் வேலைக்கும் குறைவில்லை. நீலம் கலந்த வெள்ளொளி அதிகம் சிதறும். மஞ்சள் ஒளி குறைவாகச் சிதறும், ஆமைகளையும் அவ்வளவாக இழுக்காது. ஆளில்லாத நேரத்தில் தானாக மங்கும் விளக்குகளும் உண்டு. மற்ற மாசுகளைப் போல இந்த ஒளி மாசைக் கழுவி எடுக்க வேண்டியதில்லை. விளக்கைத் திருப்பிய அன்றிரவே பலன் தெரியும்.