தலையில் உதிரும் செதில்கள்



ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ள எங்கள் ஏற்காட்டில், மார்கழிப் பனி சேர்வராயன் மலையை மூடும்பொழுது, பலர் குளிருக்கு அஞ்சித் தலைமுழுகுவதைத் தள்ளிப்போடுவர். அப்பொழுது தோள்மீது வெண்துகள்கள் உதிரும். உதிர்வன எல்லாம் பொடுகுதானா? அவற்றை இனம் காண்பது எங்ஙனம்?

பொடுகு என்பது நுண்ணிய செதில். சிறிது அரிப்பு உண்டு. எல்லோர் தோலிலும் வாழும் மலாசீசியா என்னும் காளான், தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வளர்வதனால் சிலருக்கு இது மிகுகிறது. பிரெஞ்சு அறிஞர் மலாசே 1874-இல் இக்காளானை விவரித்தார். எண்ணெயைத் தலையில் ஊறவிட்டால் பொடுகு தீரும் என்பது தவறு. கீட்டோகோனசோல் கலந்த ஷாம்புவைச் சில நிமிடம் வைத்திருந்து அலசுதல் பயன் தரும். செதில் மஞ்சளாய்ப் பிசுபிசுத்து, தோல் சிவந்து, புருவத்திலும் மூக்கோரத்திலும் பரவினால், அது பொடுகின் முற்றிய நிலை.

பிறந்து சில வாரங்களான குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சள் நிறப் பொருக்கு படிவதுண்டு. தாயின் கவனக்குறைவு அதற்குக் காரணம் அன்று. பெரும்பாலும் ஓராண்டிற்குள் தானே மறையும். சிறிது எண்ணெய் தடவி இளக்கி, மென்மையாய்த் துடைத்துக் கழுவினால் போதும், நகத்தால் பெயர்க்கலாகாது.

ஒருமுறை என் வகுப்பு மாணவன் ஒருவன் தலையில் தடித்த, வெள்ளி போன்ற செதில்களைக் கண்டேன். தொற்றுநோய் என்று எண்ணி அவனைத் தனியே அமர்த்தினேன். மருத்துவரோ, அவன் முழங்கைகளையும் முழங்கால்களையும் பார்த்துவிட்டு, "இது சோரியாசிஸ்; எவருக்கும் தொற்றாது" என்றார். மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எனினும், அவன் தனித்திருந்த நாட்களை என்னால் மீட்டுத் தர இயலவில்லை.

உண்மையில் தொற்றுவது தலைப் படர்தாமரை. பள்ளிப் பிள்ளைகளிடம் மிகுதியாய்க் காண்பது; வட்டமாய் முடி ஒடிந்து உதிரும். பூச்சு மருந்து மட்டும் போதாது. மருத்துவர் தரும் மாத்திரையை வாரக்கணக்கில் உட்கொள்ள வேண்டும். சீப்பையும் துண்டையும் பகிரலாகாது. இதற்கும் தக்க மருந்து உண்டு. ஆதலால் இழிவு ஏதுமில்லை.

முடி கொட்டினாலோ, சீழ் கட்டினாலோ, செதில் நீங்காது நீடித்தாலோ மருத்துவரை நாடுங்கள். அருகில் இருப்பவர் தலையில் செதிலைக் கண்டால், விலகி அமருமுன் அது எது என்று கேட்டறியுங்கள். நான் காலம் கடந்து கற்ற பாடம் அது.