வார்டில் ஒரு நிமிட வாத்தியார்

அந்தமானில் 2015 வரை மருத்துவக் கல்லூரியே இல்லை. டாக்டராக விரும்பியவர்கள் கடல் கடந்தார்கள். அந்த ஆண்டு போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனையோடு இணைந்த கல்லூரி தொடங்கியது.

எந்தக் கல்லூரியானாலும் மாணவருக்கு நள்ளிரவு வார்டில் கிடைக்கும் ஆசான், தூக்கம் கெட்ட ரெசிடென்ட் டாக்டர்தான். மேற்படிப்பு மாணவர்கள் இளையவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. எப்படிக் கற்பிப்பது? பேராசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மையம் புதுச்சேரி ஜிப்மரில் 1970களிலேயே வந்துவிட்டது. ரெசிடென்டுக்கு ஏது அவகாசம்?

1992இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட 'ஒரு நிமிட' முறை அவருக்குப் பொருந்தும். 'என்ன நோய் என்று நினைக்கிறாய்?' 'எதை வைத்து?' பிறகு ஒரு பொது விதி, சரியானதற்குப் பாராட்டு, தவறுக்குத் திருத்தம். முதல் கேள்விதான் சோதனை: விடை தெரிந்தவர் மாணவர் வாய் திறக்கும்வரை பொறுக்க வேண்டும். அடுத்த படுக்கையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.